செல்விக்குச் சொல்லாமல் விட்ட பதில்

1

இங்கே என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் கேட்பவர்களிடம் ஆஸ்பத்திரியில் என்று சொல்லிவிடுவேன். டி. கல்லுப்பட்டிப் பக்கம் பாதிப் பேர் என்னை நர்ஸ் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஊசியைக் கையால் தொட்டதில்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறிய நகரம். அதில் நாலு டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கிளினிக். தடுப்பூசிக்கு வரச்சொல்லிக் கடிதம் போயும் வராத பெண்களுக்குப் போன் போட்டு, ஏன் வரவில்லை என்று கேட்டு, வரவைப்பது என் வேலை. தமிழ்ப் பெயர்களெல்லாம் என் பட்டியலுக்கு வரும். சில நாள் தெலுங்குப் பெயர்களும் வந்துவிடும். கிளினிக்கில் இருக்கும் வெள்ளைக்காரர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தைத் தட்ட வேண்டும். ஒத்துக்கொண்டார், மறுத்தார், போனை எடுக்கவில்லை, யோசிக்க நேரம் கேட்டார். மொத்தம் நாலு கட்டங்கள். எந்தப் பெண் என்ன சொன்னாலும் இந்த நாலில் ஒன்றுக்குள் போய்விடுவாள்.

போன செவ்வாய்க்கிழமை திருச்சிப் பெண் ஒருத்தியோடு பேசிக்கொண்டிருந்தேன். ஏழு மாதம். கர்ப்பிணிகளுக்குப் போடும் கக்குவான் இருமல் தடுப்பூசியை இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தாள். எழுதி வைத்திருப்பதையெல்லாம் வாசித்தேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அக்கா, உங்க சொந்தத் தங்கச்சியா இருந்தா என்ன சொல்லுவீங்க?" என்றாள்.

போடச் சொல்லுவேன் என்றேன். அப்படியென்றால் வருகிறேன் என்றாள். ஒத்துக்கொண்டார் என்ற கட்டத்தைத் தட்டினேன். அதற்குப் பிறகு அடுத்த பெயரை எடுக்காமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பக்கத்து மேஜைக்காரி டீ வேண்டுமா என்று வந்து கேட்டபோதுதான், காதில் மாட்டியிருந்ததை நான் இன்னும் கழற்றவில்லை என்று தெரிந்தது.

எனக்குச் சொந்தத் தங்கச்சி ஒருத்தி இருந்தாள். அவளும் என்னிடம் கேட்டாள். அவளுக்கு நான் இந்தப் பதிலைச் சொல்லவில்லை.

2

அவள் பெயர் பாண்டிச்செல்வி. செல்வி என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட மூன்று வயது சின்னவள். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வந்ததெல்லாம் நான் கல்லூரி முடித்த பிறகு. வீட்டில் கல்லூரிக்குப் போனது நான் ஒருத்திதான். செல்வி பத்தாவதோடு நின்று, தையல் பழகி, பக்கத்து ஊரிலேயே கல்யாணம் ஆகி, வீட்டிலிருந்தபடி பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரே மகள், அபிநயா.

ஒரு வீட்டில் ஒருத்தி மட்டும் படித்தால் என்ன ஆகும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். வங்கிக் கடிதம் வந்தாலும், மருந்துச் சீட்டு வந்தாலும், மாட்டுக்குக் காய்ச்சல் என்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். கல்யாணமாகிக் கடல் தாண்டி வந்த பிறகும் அது மாறவில்லை. செல்வி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்புவாள். நான் என்ன சொன்னாலும் சரி. அதற்குமேல் யாரிடமும் கேட்க மாட்டாள். "அக்கா சொல்லிருச்சு, அம்புட்டுத்தான்" என்பாள். எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

3

கொரோனாவின் இரண்டாவது ஆண்டில்தான் கிளினிக்கில் இந்தப் போன் வேலையை ஆரம்பித்தார்கள். அதுவரை ரிசப்ஷனில் இருந்தேன். தமிழ் தெரியுமா என்று கேட்டு இதில் போட்டார்கள். எங்களுக்குத் தமிழில் ஒரு தாள் கொடுத்தார்கள். யாரோ லண்டனில் மொழிபெயர்த்தது. "தாங்கள் தடுப்பூசி செலுத்திக்கொள்ள முன்வராமைக்கான காரணம் யாது?" என்று அதில் முதல் கேள்வி இருந்தது. முதல் நாள் அதை அப்படியே வாசித்தேன். எதிர்முனையில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, நீங்கள் கோர்ட்டிலிருந்து பேசுகிறீர்களா என்று கேட்டார். அதே ஊர்க்காரர் இன்னொருவர், தனக்கு ஏற்கெனவே ஏத்தியாச்சு என்றார். எங்கள் ஊரில் ஏத்துவது என்றால் குளுக்கோஸ்தான். எப்போது, ஏன், உடம்புக்கு என்ன என்று நான் பதறிக் கேட்க, அவர் தடுப்பூசியைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று புரிய நேரமாயிற்று. பிறகு நான் தாளை மூடிவிட்டு என் வாயில் வந்தபடி பேசத் தொடங்கினேன். அதற்கப்புறம் நிறையப் பேர் வந்தார்கள்.

என் பட்டியலில் வந்தவர்கள் பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுப் பெண்கள். வயதானவர்கள் முன்பே போட்டுவிட்டார்கள். இந்தப் பெண்களின் வீட்டுக்காரர்களும் போட்டுவிட்டார்கள். இவர்கள் மட்டும் மிச்சம் இருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காய்ச்சலில் படுத்தால் பிள்ளைகளுக்கு யார் சமைப்பது என்றார்கள். அடுத்த குழந்தைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். மாதவிடாய் தாறுமாறாகிவிடுமாம், பிறகு கரு நிற்காதாம், வாட்ஸப்பில் ஒரு டாக்டரே பேசியிருக்கிறார் என்றார்கள். அந்த டாக்டர் யார் என்று யாருக்கும் தெரியாது. மாதவிடாய் நேரத்திலும் போடலாம், குழந்தை பிறப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நான் சொல்வேன். நாளெல்லாம் சொல்வேன். முகம் தெரியாதவர்களிடம் அவ்வளவு தைரியமாகச் சொன்னேன்.

4

அந்த நாட்களில் ஒரு மதியம், சாப்பாட்டு இடைவேளையில் செல்வி கூப்பிட்டாள். அவளுக்குச் சில மாதங்களாகவே உதிரப்போக்கு அதிகம். மதுரையில், ஆரப்பாளையம் பக்கம் ஒரு லேடி டாக்டரிடம் ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பையில் கட்டி, பயப்பட ஒன்றும் இல்லை என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதற்குள் ஊரடங்கு வந்து பஸ் நின்றுவிட்டது. அந்தக் கிளினிக்கும் பூட்டியிருந்தது.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாளைக்கு ஊசி முகாம், டோக்கன் கொடுத்துவிட்டார்கள் என்றாள். அவள் வீட்டுக்காரர் கருப்பசாமி போடப் போகிறாராம். தெருப் பெண்கள் யாரும் போகவில்லையாம். பக்கத்துத் தெருவில் ஒருத்திக்கு ஊசி போட்ட பிறகு பதினைந்து நாள் நிற்கவே இல்லையாம்.

"எனக்குத்தான் ஏற்கெனவே இப்பிடிப் போகுதேக்கா. நான் போடலாமா, வேணாமா? நீ சொல்லு."

இதே கேள்விக்குக் காலையில்தான் இரண்டு பேரிடம் பதில் சொல்லியிருந்தேன். செல்வியிடம் சொல்ல வாய் வரவில்லை. போடச் சொல்லி, அதற்கப்புறம் அவளுக்கு ஏதாவது ஆகி, அது ஊசியால் இல்லாவிட்டாலும், அம்மா என்ன சொல்வாள், கருப்பசாமி என்ன சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவள் உடம்பைப் பற்றி நினைத்தேன் என்று சொன்னால் பொய்.

"உன் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடு செல்வி" என்றேன்.

எந்த டாக்டர் என்று அவள் கேட்கவில்லை. சரிக்கா என்று வைத்துவிட்டாள்.

அன்று மாலை கிளினிக் நர்ஸிடம், தங்கை என்று சொல்லாமல், இப்படி ஒரு பெண் இருக்கிறாள் என்று கேட்டேன். தாராளமாகப் போடலாம், போடாமல் இருப்பதுதான் ஆபத்து என்றார். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இதைச் செல்விக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் சொல்லவில்லை. சனிக்கிழமை கூப்பிட்டபோது அவள் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தாள். நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளே போட்டிருப்பாள் என்று வைத்துக்கொண்டேன். போட்டாயா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும்.

5

முகாம் மூன்று முறை வந்திருக்கிறது. அவள் போகவில்லை. அலை ஓய்ந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த ஆடி மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது நாள். கருப்பசாமிக்கும் வந்தது, ஆனால் அவருக்கு இருமலோடு போய்விட்டது. செல்விக்கு முப்பத்தொன்பது வயது.

என்னால் போக முடியவில்லை. போனால் திரும்பி வரும்போது பத்து நாள் ஹோட்டலில் அடைத்து வைப்பார்கள் என்று சட்டம் இருந்தது. அதையும் மீறிப் போயிருக்கலாம். என் வீட்டுக்காரர் போ என்றுதான் சொன்னார். போய் யார் முகத்தைப் பார்ப்பது என்று எனக்கு இருந்தது. விடுப்புப் படிவத்தில், இறந்தவர் உங்களுக்கு எந்த அளவு நெருக்கம் என்று ஒரு கேள்வி. சகோதரி என்று எழுதினேன். மூன்று நாள் கொடுத்தார்கள். ஒரு நாள்தான் எடுத்தேன். மறுநாள் போய் உட்கார்ந்து பட்டியலில் விட்ட இடத்திலிருந்து கூப்பிட்டேன். அன்றைக்கு எல்லோரும் ஒத்துக்கொண்டது போல ஞாபகம். என் குரலில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

யாரிடம் சொன்னாலும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். என் மகள் யாழினிக்கு அப்போது பதின்மூன்று வயது. சித்தியை இரண்டு தடவைதான் நேரில் பார்த்திருக்கிறாள். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். சித்தி செத்துவிட்டாள் என்றதும், ஊசி போட்டிருந்தார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அதே ஆண்டு அவள் பள்ளியில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசி போட்டார்கள். சம்மதப் படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, கையெழுத்து மட்டும் போடுங்கள், நான் எல்லாம் படித்துவிட்டேன் என்றாள். போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் அபிப்பிராயம் எதுவும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. அப்போதும் இல்லை, பிறகும் இல்லை. துணி மடிப்பேன், சோறு வைப்பேன், வேலைக்குப் போவேன். எல்லாம் நடந்தது.

6

இந்த ஆடியில் நாலாவது வருஷத் தெவசத்துக்குப் போயிருந்தேன். செல்வி போன பிறகு ஊருக்குப் போனது இதுதான் இரண்டாவது தடவை.

அபிநயாவுக்கு இருபத்தொன்று. மதுரையில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிசப்ஷனில் இருக்கிறாள். ஹாஸ்டலில் தங்கல். தை மாதம் கல்யாணம் பேசியிருந்தார்கள். லேபில் வேலை பார்க்கும் பெண்களெல்லாம் அந்தக் கர்ப்பப்பை வாய்த் தடுப்பூசியைப் போடுகிறார்கள், தானும் போடப் போவதாகச் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா, அவளுக்கு அத்தையாக வரப்போகிறவர், கல்யாணத்துக்கு முன்னால் எதற்கு இந்த ஊசியெல்லாம், நாளைக்கு ஒரு பிள்ளை நிற்காமல் போனால் என்று தடுத்தார்களாம். கருப்பசாமி, கல்யாணம் கெட்டுவிடக்கூடாது, பெரியம்மா என்ன சொல்கிறார்களோ அதைச் செய் என்று என் பக்கம் திருப்பிவிட்டார்.

"மதினி, நீங்க ஒரு வார்த்தை சொன்னாச் சரி" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அபிநயா, "யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம்ப்பா. நான் நாளைக்குப் போடப்போறேன். பெரியம்மா சும்மா கூட வந்தாப் போதும்" என்றாள்.

கூடப் போனேன். மதுரையில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு, அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்திருந்தோம். மயக்கம் எதுவும் வருகிறதா என்று நர்ஸ் இரண்டு தடவை வந்து கேட்டார். இல்லை என்றாள் அபிநயா.

திரும்பி வரும் பஸ்ஸில், திருமங்கலம் வருவதற்கு முன்பு, நான் பேச ஆரம்பித்தேன். உன் அம்மா என்னிடம் கேட்டாள், டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடு என்று சொல்லிவிட்டேன் என்றேன். நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாதது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே இருந்தாள்.

"தெரியும் பெரியம்மா. அம்மா ஸ்பீக்கர்லதான் போட்டுப் பேசுச்சு. நான் பக்கத்துல பிளவுஸுக்குக் காஜா எடுத்துக்கிட்டிருந்தேன்."

பிறகு கொஞ்சம் கழித்து, "மூணாவது முகாமுக்கு அம்மா கெளம்பிருச்சு. சேலையெல்லாம் மாத்திருச்சு. நான்தான் நிப்பாட்டுனேன். பெரியம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க, அவங்களே டாக்டர்ட்ட கேக்காமப் போடாதன்னு சொல்லிருக்காங்கல்ல, இரும்மான்னேன். உக்காந்துருச்சு" என்றாள்.

குரல் மாறவில்லை. பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அந்த வயதிலிருந்து இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும்தான். நாலு வருஷமாக மாதம் ஒரு தடவை பேசுவேன். சாப்பிட்டாயா, படிக்கிறாயா, வேலை எப்படி, அவ்வளவுதான் பேசியிருக்கிறேன்.

உன் மேல் தப்பில்லை என்று சொன்னால் போதாது என்று தெரிந்தது. வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்த நூறு பேரிடம் நானே போனில் அப்படிச் சொல்லியிருக்கிறேன், யாருக்கும் அது உள்ளே போனதில்லை. அவளிடமிருந்து அந்தப் பழியை வாங்கிக்கொள்ள ஒரு வழிதான் இருந்தது.

"உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு" என்றேன். அன்று மாலையே நர்ஸிடம் கேட்டதைச் சொன்னேன். தாராளமாகப் போடலாம் என்று பதில் கிடைத்ததைச் சொன்னேன். அதை உன் அம்மாவிடம் சொல்லவே இல்லை என்று சொன்னேன். "நீ உன் அம்மாவ நிப்பாட்டுன அன்னைக்கு அந்தப் பதில் என் கையில இருந்துச்சு. நீ சொன்னது என் வார்த்தைய. அது தப்பான வார்த்தைன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது."

முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் சொல்லல?"

"பயம்."

"எதுக்கு?"

"பின்னால யாராச்சும் என்னையச் சொல்லிருவாகன்னு."

 திருமங்கலத்தில் முன் வரிசையில் ஓர் இருக்கை காலியானதும் எழுந்துபோய் அதில் உட்கார்ந்துகொண்டாள். நான் கிளம்புகிற வரைக்கும் மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. தெவசத்தில் எனக்கு இலை போட்டுப் பரிமாறினாள், முகத்தைப் பார்க்கவில்லை. விமான நிலையத்துக்கும் கருப்பசாமி மட்டும்தான் வந்தார். பெண் பிள்ளைக்குக் கல்யாணக் கவலை, அதனால்தான் ஒரு மாதிரி இருக்கிறாள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். இல்லை தம்பி, ஒன்றும் இல்லை என்றேன்.

7

திரும்பி வந்த பிறகு நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வாட்ஸப்பில் இரண்டு நீலக் கோடுகள் விழும், பதில் வராது. செய்தது சரியா என்று யோசித்தேன். சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு பிள்ளை மிஞ்சியிருக்கும். யாழினி கல்லூரிக்கு வேறு ஊருக்குப் போய்விட்டாள். வீட்டில் நானும் அவள் அப்பாவும் டிவியும்தான்.

திருச்சிப் பெண் அந்தக் கேள்வியைக் கேட்டது செவ்வாய்க்கிழமை. அபிநயா கூப்பிட்டது வெள்ளிக்கிழமை. அன்று எனக்கு அரை நாள் வேலை. மதியமே வீட்டுக்கு வந்து, கோட்டுகூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

"பெரியம்மா, ரெண்டாவது ஊசி போட்டாச்சு" என்றாள்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். முதல் ஊசி போட்டது தெரிந்து பத்து நாள் சண்டை நடந்ததாம். மாப்பிள்ளை இவள் பக்கம் நின்றாராம். அப்புறம் அவள் அம்மாவுக்கு நடந்ததை அத்தையிடம் முழுசாகச் சொன்னாளாம். அதற்குப் பிறகு அவர்கள் ஊசியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லையாம். இன்றைக்கு அவர்களும் கூட வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களாம்.

"என்னைப் பத்தியும் சொன்னியா?"

"சொன்னேன். என்னையப் பத்தியும் சொன்னேன்."

 அவள் பக்கம் மாட்டுத்தாவணியில் பஸ்களுக்கு ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. ராஜபாளையம், ராஜபாளையம் என்று ஒரு குரல்.

"உங்க மேல கோவம் இருக்கு பெரியம்மா. அது போகல. போகுமான்னும் தெரியல."

"இருக்கட்டும்" என்றேன்.

"ஆனா இப்ப எனக்குத் தூக்கம் வருது. படுத்தா விடியத்தான் முழிக்கிறேன். நாலு வருசமா அப்பிடித் தூங்குனதில்ல. அதைச் சொல்லணும்னு தோணுச்சு, அதான் கூப்பிட்டேன்."

சரி என்றேன். பஸ் வந்துவிட்டது, வைக்கிறேன் என்றாள். மூன்றாவது ஊசி எப்போது என்று கேட்டேன். கல்யாணம் முடிந்து மாசியில் என்றாள். நானே கூப்பிடுகிறேன், நீங்கள் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.